பொதுப்பணித் திட்டங்களில் துணை ஒப்பந்ததாரர் நிலுவை

பொதுப்பணித் துணை ஒப்பந்ததாரர் நிலுவை என்பது, அரசுப் பணத்தில் நடைபெறும் சாலை, பாலம், குடிநீர், பாதாளச் சாக்கடை, கட்டடப் பணிகளில் ஒரு பகுதியை எடுத்துச் செய்து முடித்தவருக்கு உரிய தொகை உரிய காலத்தில் வந்து சேராமல் நின்றுபோவதைக் குறிக்கும். ஒப்பந்தப்புள்ளியில் வென்று அரசுத் துறையுடன் உடன்படிக்கை செய்துகொள்பவர் முதன்மை ஒப்பந்ததாரர்; அவரிடமிருந்து வேலையின் ஒரு பகுதியைப் பெறுபவர் துணை ஒப்பந்ததாரர், பேச்சுவழக்கில் ‘சப் கான்ட்ராக்டர்’. முதன்மை ஒப்பந்ததாரருக்கு அரசு வைக்கும் பாக்கியும் இதுவும் ஒன்றல்ல. முன்னவரின் பெயர் உடன்படிக்கையிலும் அளவுப் புத்தகத்திலும் கருவூலப் பட்டியலிலும் உள்ளது. பின்னவரின் பெயர் பெரும்பாலும் இவற்றுள் எதிலும் இல்லை. சட்டம் தரும் பாதுகாப்புகளில் பல ஆவணத்தில் இடம்பெற்றவரையே சென்றடைவதால், இந்த இல்லாமையே சிக்கலின் மையமாகும்.

கொங்கு நாட்டில் பணிப் பங்கீடு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது கட்டுமானத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கோவையின் பம்புத் தொழிலும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் ‘ஜாப் ஒர்க்’ முறையில் வளர்ந்தவை. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் நாமக்கல்லின் லாரிகளும் கடன் வாங்கி இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடும் தனியாள் முதலாளிகள் இங்கு மிகுதி என்பதைக் காட்டுகின்றன. அண்மை ஆண்டுகளில் இப்பகுதியில் பெரும் பொதுப்பணிகள் அடுத்தடுத்து நடந்தன. பவானி ஆற்றின் உபரி நீரை 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாய்வழி கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டிலும், கோவை அவிநாசி சாலையின் 10.1 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரிலும் திறக்கப்பட்டன. இத்தகைய அளவுள்ள பணிகளைப் பெரிய நிறுவனங்களே எடுக்க முடியும். பொதுவாக அந்நிறுவனங்கள் மண்வேலை, கம்பி கட்டுதல், சென்ட்ரிங், குழாய் பதித்தல் ஆகியவற்றை வட்டார ஒப்பந்ததாரர்களுக்கு விட, அவர்கள் பொக்லைன் உரிமையாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் விடுவதால், ஒரே பணியில் இரண்டு மூன்று அடுக்குகள் உருவாகின்றன.

நிலுவை உருவாகும் விதம்

குழாய்ப் பள்ளம் ஒன்று தோண்டி முடிந்ததும் துறைப் பொறியாளர் அதன் நீளம், அகலம், ஆழத்தை அளந்து ‘எம் புக்’ எனப்படும் அளவுப் புத்தகத்தில் பதிவு செய்கிறார். பில் பாஸ் ஆவது இப்பதிவை அடிப்படையாகக் கொண்டே. டேப்பின் மறுமுனையைப் பிடித்து நிற்பவர் துணை ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும், பதிவாவது முதன்மை ஒப்பந்ததாரரின் பெயரில்தான். துணை ஒப்பந்ததாரரிடம் எஞ்சுபவை பொக்லைன் ஓடிய மணிக்கணக்குச் சீட்டு, டிப்பர் நடைச்சீட்டு, டீசல் ரசீது, சில வேளைகளில் கையெழுத்தில்லாத விலைப்பட்டியல் ஆகியவை மட்டுமே.

‘மேலே பில் பாஸ் ஆனதும் தருகிறோம்’ என்பது இத்தொழிலின் பொது நிபந்தனையாகும். மத்திய, மாநிலப் பங்குகள் தவணை தவணையாக விடுவிக்கப்படும் திட்டங்களில், முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று தராமல் அடுத்தது வராது என்பதால், மேலே ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் கீழ் அடுக்கில் வட்டியோடு பெருகுகிறது. அரசு பணம் தந்த பின்னரும் முதன்மை ஒப்பந்ததாரர் அதை வேறொரு பணியிடத்துக்குத் திருப்பிவிடுவது, தரக்குறைவைக் காட்டிப் பிடித்தம் செய்வது, கூடுதல் வேலைக்கு வாய்மொழி உத்தரவு தந்துவிட்டுப் பின்னர் மறுப்பது ஆகியவை பிற காரணங்கள்.

வரியும் சுமையைக் கூட்டுகிறது. எடுத்துக்காட்டாக, ₹10 லட்சம் வேலைக்கு மாதாந்தரக் கணக்குத் தாக்கல் செய்பவர் பில் போட்டால், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யான ₹1.80 லட்சத்தை, உள்ளீட்டு வரி வரவைக் கழித்துக்கொண்டு, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அவர் அரசுக்குச் செலுத்த வேண்டும்; பணம் கைக்கு வந்ததா என்பதை இவ்விதி பார்ப்பதில்லை. எனினும், பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தரத் தவறினால், அந்தப் பில்லுக்குத் தாம் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை முதன்மை ஒப்பந்ததாரர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற விதி உண்டு.

சட்ட நிலை

ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுக்கிடையில் மட்டுமே அதன் உரிமையும் கடமையும் நிலவும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏற்கப்பட்ட கோட்பாடு. ஆதலால் துணை ஒப்பந்ததாரர் அரசுத் துறையிடம் நேரடியாகப் பணம் கோர இயலாது. எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையத்தின் பணியொன்றை இந்துஸ்தான் ஷிப்யார்டு எடுத்து எஸ்ஸார் ஆயில் நிறுவனத்துக்கு விட்டது தொடர்பான வழக்கில், ஆணையம் சில தொகைகளை எஸ்ஸாருக்கு நேரடியாகவே கொடுத்திருந்தபோதிலும், அதனால் அவ்விருவரிடையே ஒப்பந்த உறவு உண்டாகிவிடாது என்றும், பாக்கிக்கு இந்துஸ்தான் ஷிப்யார்டே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. எழுத்துமூல ஒப்புதலின்றி வேலையை வேறொருவருக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை அரசு உடன்படிக்கைகளில் வழக்கமாக இருப்பதால், ஒப்புதல் பெறாத துணை ஒப்பந்ததாரர் முறையிடவே தயங்குகிறார்.

மகாராஷ்டிரத்தின் சாங்கலி மாவட்டத்தில் 2025 ஜூலையில், ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்த இளம் ஒப்பந்ததாரர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவருக்குச் சுமார் ₹1.40 கோடி வர வேண்டியிருந்ததாகக் குடும்பத்தினர் கூறினர். அவர் பெயரில் பணி எதுவும் வழங்கப்படவில்லை, துணை ஒப்பந்ததாரராக இருந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு விளக்கமளித்தது. ஆவணத்தில் பெயரில்லாமையின் விளைவை இந்நிகழ்வு நாடறியச் செய்தது.

துணை ஒப்பந்ததாரருக்குக் கீழே உள்ள கூலித் தொழிலாளியின் நிலை சட்டத்தளவில் இதைவிட மேலானது. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இப்பொறுப்பு தொடர்கிறது.

பொருள் வழங்கும் சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் துணை நிற்கிறது. அதன்படி 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். முறையீட்டை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் கோயம்புத்தூரிலும் உள்ளது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்கும் தரப்பு அத்தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே கட்டவேண்டும் என்பது இச்சட்டத்தின் வலிமையான கூறு. ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த ‘ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்’ பணிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பரிவர்த்தனை முடிந்த பின் இச்சட்டத்தின்கீழ் பெறும் பதிவு பின்னோக்கிப் பயன்படாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவு குறித்த கேள்வி 2025இல் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. இவ்வாறு கூலியாளுக்கும் பொருள் விற்பவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு, இடையில் நின்று வேலையை முடித்துத் தருபவருக்கு உறுதியாகக் கிடைப்பதில்லை. அவருக்கு எஞ்சும் வழிகள் நடுவர் தீர்ப்பும் உரிமையியல் வழக்கும் ஆகும். வழக்குத் தொடுக்கப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள்.

முதன்மை நிறுவனம் நொடித்தால்

சேலம்–குமாரபாளையம், செங்கப்பள்ளி–வாளையாறு நெடுஞ்சாலைப் பணிகளைத் தன் துணை நிறுவனங்கள் வழியாக எடுத்த ஐதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனம் 2018இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாகி, 2019இல் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டது. இத்தகைய நிலையில், நிறுவனத்தின் எந்தப் பணியிடத்தில் வேலை செய்திருந்தாலும், துணை ஒப்பந்ததாரர் 2016ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின்கீழ் ‘செயல்பாட்டுக் கடனீந்தவர்’ என்ற வகையில் அடங்குகிறார். கலைப்பில் பிணையம் பெற்ற வங்கிகளுக்கும் தொழிலாளர் கூலிக்கும் அரசு வரிக்கும் பின்னரே அவர் முறை வருகிறது. நொடிப்பு மனு தாக்கல் செய்வதற்கான குறைந்தபட்ச நிலுவை 2020 மார்ச்சில் ₹1 லட்சத்திலிருந்து ₹1 கோடியாக உயர்த்தப்பட்டதால், சிறு ஒப்பந்ததாரர் தாமே அச்சட்டத்தை நாடும் வாய்ப்பும் குறைந்தது.

பிற நாடுகளின் ஏற்பாடுகள்

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு மில்லர் சட்டம், கூட்டரசுப் பணி எடுப்பவர் தமக்குக் கீழுள்ளோரின் பணத்துக்குப் பிணைப் பத்திரம் தரவேண்டும் என்கிறது. அப்பாதுகாப்பு இரண்டாம் அடுக்குவரை செல்லும், மூன்றாம் அடுக்கை எட்டாது. ஏற்கப்பட்ட துணை ஒப்பந்ததாரருக்கு அரசே நேரடியாகப் பணம் தரும் முறையைப் பிரான்ஸ் 1975இல் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 2004இல் இயற்றிய சட்டம், ‘மேலே வந்தால் தருவேன்’ என்ற நிபந்தனையைச் செல்லாததாக்கி, விரைவான தீர்ப்பாளர் முறையை ஏற்படுத்தியது.

இந்தியாவில் அண்மை நடவடிக்கைகள்

மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதல், நடப்புப் பில்லில் குறைந்தது 75 விழுக்காட்டைப் 10 வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. இது முதன்மை ஒப்பந்ததாரருக்கான விதி. அடுத்த அடுக்கை நேரடியாகக் கருதியது, பெருந்தொற்றுக் கால நிவாரணமாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020இல் அனுமதித்த ஏற்பாடு: ஒப்புதல் பெற்ற துணை ஒப்பந்ததாரருக்கு, குறித்த நோக்கத்துக்கு மட்டும் பணம் விடுவிக்கும் எஸ்க்ரோ கணக்கின் வழியாக நேரடியாகத் தொகை வழங்கலாம் என்றது அது. துறையின் ஏட்டில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டுமே இவ்வழி திறந்திருந்ததால், பொக்லைன் உரிமையாளரும் மேஸ்திரியும் அடங்கிய கீழடுக்குகள் இதற்கும் வெளியிலேயே இருந்தன. எழுத்துமூல வேலை உத்தரவு, வேலை தொடங்கும் முன்பே குறு, சிறு தொழிலாகப் பெற்ற ‘உத்யம்’ பதிவு, முதன்மை ஒப்பந்ததாரரின் பொறியாளர் கையொப்பமிட்ட கூட்டு அளவீடு ஆகிய மூன்றும் இருந்தால், இன்றைய சட்டநிலையில் நிலுவையை மெய்ப்பிக்கும் வாய்ப்பு கூடுகிறது.