சித்திரகூடத்துப் பாசி: வயதும் வடிவமும்

விந்தியப் படிவுப்பாறைகளின் வயதைப் பற்றிய சச்சரவு 2009-இல் முடிந்துவிட்டது என்பதே துறையில் இன்று பரவலாக நிலவும் கருத்து. பாறை மிகப் பழையது என்று கதிரியக்கக் கணக்கு காட்டியது, அதில் கேம்பிரியன் காலத்து உயிர்களைக் கண்டவர்கள் தவறினார்கள், அத்துடன் சரி. இந்தச் சுருக்கம் பெரும்பாலும் சரிதான். ஆனால் மந்தாகினிக் கரையில், சித்திரகூடத்துக்கு வரும் யாத்திரிகர்கள் நீராடும் ஜானகிகுண்டத்துப் பாறையில் கிடைத்த நுண்ணிழைகள் எவை என்ற கேள்வியையும் அது சேர்த்தே மூடிவிடுகிறது. வயது தீர்ந்ததால் வடிவமும் தீர்ந்துவிடாது. அந்த இழைகள் பல செல்கள் கொண்ட மெய்க்கரு உயிரிகள் என்று ஏற்கப் பாறையிலேயே போதிய சான்று உண்டு என்பதும், அவை சிவப்புப் பாசிகளே என்ற முடிவு மட்டும் சற்று முந்திக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிக்கல் 1998-இல் தொடங்கியது. டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அஸ்மி, கீழ் விந்தியத்தின் ரோத்தாஸ் சுண்ணாம்புப் பாறையில் கேம்பிரியன் தொடக்கத்துச் சிற்றோட்டு உயிர்களைக் கண்டதாக அறிவித்தார். அப்படியானால் பாறைக்கு வயது ஏறத்தாழ 54 கோடி ஆண்டு. அதே ஆண்டில் சைலாக்கர், போஸ், ஃப்ளூகர் ஆகிய மூவரும் சோன் பள்ளத்தாக்கின் சோர்ஹட் மணற்பாறையில் 100 கோடி ஆண்டுக்கும் முற்பட்ட புழுத்தடங்கள் இருப்பதாக எழுதினர். சோர்ஹட் அடுக்கு ரோத்தாஸுக்குக் கீழே, அதிக இடைவெளியின்றிக் கிடப்பது. இரண்டு அறிவிப்புகளும் ஒருசேர உண்மையாக வழியில்லை. 2002-இல் இரு குழுக்கள் தனித்தனியே எரிமலைச் சாம்பல் அடுக்குகளின் சிர்கான் மணிகளைக் கணக்கிட்டு, கீழ் விந்தியத்துக்கு ஏறத்தாழ 160 முதல் 163 கோடி ஆண்டு என்ற வயதைத் தந்தன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. பாறை 160 கோடி ஆண்டுப் பழமையானது என்றதும், அஸ்மி காட்டியவை புதைபடிவங்கள்தானா என்ற ஐயம் வலுத்தது. முன்பு வடிவத்தைக் கொண்டு வயதைச் சொன்னார்கள்; இப்போது வயதைக் கொண்டு வடிவத்தை மறுத்தார்கள். இரண்டிலும் பிழை ஒன்றே.

ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. ஜானகிகுண்டத்தில் புதிதாக மாதிரி எடுத்துப் பார்த்தபோது வளையமிட்ட குழல்கள் இருந்தன, இழைகள் இருந்தன, கரு முட்டை போன்ற உருண்டைகளும் இருந்தன. அஸ்மி கண்டவை கற்பனை அல்ல. ஆனால் அவை பொதிந்திருந்த பாஸ்ஃபேட் பாறையின் காரீய ஐசோடோப்புகள் தந்த வயது 165 கோடி ஆண்டு. பிழை எல்லை 8.9 கோடி. உருண்டைகள் உயிரே அல்ல, நீலப்பச்சைப் பாசிப் படலத்தின் கோழையில் சிக்கிய வாயுக் குமிழிகள் என்று அக்குழு தீர்மானித்தது. குழல்களையும் இழைகளையும் அப்படித் தள்ள அதனால் முடியவில்லை.

ஜானகிகுண்டத்துப் பாறை, ஆழம் குறைந்த கடலில் பாசிப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து உருவான டோலமைட். அதற்குள் பாஸ்ஃபேட் மிக விரைவாகப் படிந்ததால், செல்கள் நசுங்கித் தட்டையாகும் முன்பே முப்பரிமாணத்தில் கல்லாகிவிட்டன. சின்க்ரோட்ரான் ஊடுகதிரைச் செலுத்தி, கல்லை உடைக்காமலே உள்ளறைகளைப் படமெடுக்க இதுவே வழிவிட்டது. 2017-இல் அதே குழு வெளியிட்ட படங்களின் மேல்தான் இன்றைய விவாதம் முழுவதும் நிற்கிறது.

அஸ்மியைச் சிறப்பிக்கும் வகையில் ராஃபடாஸ்மியா சித்திரகூடென்சிஸ் என்று பெயரிடப்பட்ட உயிரி கிளைவிடாத இழை. தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பெரிய செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. பல செல்களுக்குள் சாய்சதுர வடிவத்தில் ஒரு வில்லை இருக்கிறது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான குறுக்குச்சுவரில், சரியாக நடுவே, ஒரு குழி. இன்றைய சிவப்புப் பாசிகளில் செல் பிரியும்போது குறுக்குச்சுவர் ஓரத்திலிருந்து உள்நோக்கி, கேமராவின் துவாரம் சுருங்குவதுபோல வளர்ந்து, நடுவில் ஒரு துளையை மிச்சம் வைக்கும். அத்துளை பிறகு அடைபடும். வில்லையைப் பசுங்கணிகத்தின் எச்சமாகவும் குழியை அந்தத் துளையாகவும் பெங்ட்சன் குழு வாசிக்கிறது.

வில்லைக்கு எதிரான வாதம் வலுவானது. ஆஸ்திரேலியாவின் பிட்டர் ஸ்பிரிங்ஸ் பாறையில் ஒரு காலத்தில் செல்லின் கருவென்று கொண்டாடப்பட்ட கரும்புள்ளிகள், அழுகிச் சுருங்கிய செல்சாறுதான் என்று 1970-களில் விளக்கப்பட்டது. செத்த பாக்டீரியாவுக்குள்ளும் 'உறுப்பு' தோன்றும். சித்திரகூடத்து வில்லைகளை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா? சுருங்கிய சாறு ஒழுங்கற்ற கட்டியாகத்தான் திரளும். செல்லுக்குச் செல் அளவும் இடமும் மாறும். இங்கோ அடுத்தடுத்த செல்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. வில்லை பசுங்கணிகம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அழுகல் மட்டுமே இத்தகைய ஒழுங்கை உண்டாக்கும் என்று நம்பக் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

குழி இன்னும் கடினமான சான்று. நீலப்பச்சைப் பாசிகளின் செல்களுக்கிடையிலும் இணைப்புகள் உண்டு. ஆனால் அவை நானோமீட்டர் அளவினவை. அவை இந்தப் படங்களில் தனிக்குழியாகத் தெரிய வாய்ப்பில்லை. பூஞ்சை இழைகளின் குறுக்குச்சுவரிலும் நடுத்துளை உண்டே என்று கேட்கலாம். கேட்கட்டும், பூஞ்சையும் மெய்க்கரு உயிரிதான்.

இந்த இடத்தில்தான் பெங்ட்சன் குழுவோடும் சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது. உடன் கிடைத்த ராமதல்லஸ் என்னும் மடல்வடிவ உயிரியில் செல் வரிசைகள் நீரூற்றுப்போல் விரிந்து வளர்ந்திருப்பதை, முன்னேறிய சிவப்புப் பாசிகளின் வளர்ச்சி முறையோடு அவர்கள் ஒப்பிடுகிறார்கள். ஒப்புமை உண்மை. ஆனால் இனப்பெருக்க உறுப்போ வித்தோ இல்லாமல் இன்றைய ஒரு குடும்பக் கிளைக்குள்ளேயே இதை அமர்த்துவது அவசரம். வடகனடாவின் பங்கியோமார்ஃபா என்னும் புதைபடிவம் சிவப்புப் பாசி என்று பரவலாக ஏற்கப்பட்டதற்குக் காரணம் அதன் வித்துச் செல்கள். அதன் வயதோ, 120 கோடி என்பதிலிருந்து ரேனியம்–ஓஸ்மியம் கணக்கால் 104.7 கோடி ஆண்டாகக் குறைந்துவிட்டது. சித்திரகூடத்துக்கும் அதற்கும் இடையே 50 கோடி ஆண்டுக்கு மேல் வெற்றிடம்.

மூலக்கூறு கடிகாரங்களுள் சில இவ்வளவு பழைய சிவப்புப் பாசியை அனுமதிப்பதில்லை என்ற ஆட்சேபம் நீண்ட பதிலுக்கு உரியதன்று. அக்கடிகாரங்கள் புதைபடிவங்களைக் கொண்டே திருத்தப்படுபவை. பங்கியோமார்ஃபாவை ஆணியாக அடித்துவிட்டு, அதைக் காட்டியே ராஃபடாஸ்மியாவை மறுப்பது வட்டத்துக்குள் ஓடுவது.

வேதிச் சான்று அப்படித் தள்ளத்தக்கதல்ல. இன்றைய மெய்க்கரு உயிரிகளின் ஸ்டீரால் எச்சங்கள் அக்காலப் பாறைகளில் கிடைக்காதது பெரிய குறையாகப் பேசப்பட்டது. 2023-இல் ப்ரோக்ஸ் குழு, ஆஸ்திரேலியாவின் 164 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்டீராலுக்கு முந்தைய படிநிலைச் சேர்மங்களின் எச்சத்தைக் காட்டியது. அன்றைய கடலில் மெய்க்கரு உயிரிகள் தாராளமாக வாழ்ந்தன, ஆனால் பெரும்பாலும் இன்றைய கிளைகள் பிரிவதற்கு முந்தைய மூதாதை வகையினராக வாழ்ந்தன என்பது அதன் வாசிப்பு. மெய்க்கருவும் பல செல் உடலும் ஏற்கத்தக்கவை, சிவப்புப் பாசி என்ற பட்டம் மட்டும் காத்திருக்கட்டும் என்ற நிலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. 2024-இல் வட சீனத்தின் 163 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து விவரிக்கப்பட்ட சிங்ஷானியா என்னும் பல செல் இழையும் இதே பக்கம்தான் சாய்கிறது; அதன் சில செல்களுக்குள் வித்து போன்ற உருண்டைகள் உண்டு.

வடிவத்தை வடிவமாகவே எடைபோடும் இந்த அளவுகோல் பழமைக்கு மட்டும் சலுகை தருவதில்லை. சோர்ஹட் தடங்கள் தோற்பது அவற்றின் வயது 160 கோடி என்பதால் அல்ல. பாசிப் படலம் சுருங்கி வெடித்தாலே அத்தகைய வளைகோடுகள் உண்டாகும் என்பதால். 2021-இல் பீம்பேட்காவின் குகை ஒன்றில் டிக்கின்சோனியா என்னும் மிகப் பிந்தைய காலத்து உயிரியின் படிவம் கிடைத்ததாக வந்த அறிவிப்பு மேல் விந்தியத்தின் வயதையே இளமையாக்கப் பார்த்தது. 2023-இல் ஆய்வு வெளியிட்ட மற்றொரு குழு நேரில் சென்று பார்த்தபோது அது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. மலைத்தேனீக்கள் விட்டுச்சென்ற கூட்டின் தடம் அது. முதலில் அறிவித்தவர்களும் அதை ஒப்புக்கொண்டனர்.