நுங்கம்பாக்கத்துக் கண்ணும் கோடைக்கானல் தட்டும்

மயிலாப்பூரில் வாழும் நண்பர் ஒருவர் தொலைநோக்கி வாங்க எண்ணி நம்மிடம் யோசனை கேட்டார். சனியின் வளையத்தைக் கண்ணாலும் பார்க்க வேண்டும், ஓரியன் நெபுலாவைப் படமாகவும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா என்பது அவர் வினா. தமிழ் பயிற்றுவிப்போரிடம் கேட்கத்தக்க வினாவன்று. ஆயினும் இதே சிக்கல் அவர் வீட்டிலிருந்து சில கல் தொலைவில், நுங்கம்பாக்கத்தில், நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வுக்கூடம் பின்னர்க் கும்பினியார் கைக்கு வந்தது. 1792இல் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுப்பினார். கருவியைத் தாங்க அவர் நட்ட பெருங்கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டு உட்படப் பன்மொழி எழுத்துகளுடன், கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. கண்ணாடியை வாங்குமுன் அது அசையாமல் நிற்க வழி தேடியவர் டாப்பிங். இன்று தொலைநோக்கி வாங்குவோர் பலருக்கு இந்த வரிசை தலைகீழாகத்தான் தெரிகிறது.

1861இல் இங்கு வந்த நார்மன் போக்சன் கண்ணை நம்பியவர். விண்மீன்களின் ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856இல் அவர் முன்மொழிந்த அளவையே இன்றும் வழங்குகிறது. வந்த ஆண்டிலேயே ஆசியா என்னும் குறுங்கோளைக் கண்டார். தொடர்ந்து சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா. விண்மீன் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு, படத்தில் இல்லாத புள்ளி வானில் உள்ளதா என்று இரவிரவாக ஒப்பிடும் வேலை அது. அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி ரெட்டிக்குலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும் இவ்வாறே.

கண்ணின் எல்லையும் இங்கேயே வெளிப்பட்டது. 1872 நவம்பர் இறுதியில் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் போக்சனுக்குத் தந்தியடித்தார்: காணாமற்போன பீலா வால்மீன் பூமியைத் தொட்டுச் சென்றிருக்கிறது, சென்டாரஸ் மண்டலத்துத் தீட்டா விண்மீனருகே தேடுக. டிசம்பர் 2, 3 ஆகிய இரு விடியல்களில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார். இரண்டாம் நாள் மங்கிய வாலும் தெரிந்ததாகக் குறித்தார். பிறகு மேகம். சென்னையின் டிசம்பர் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. சுற்றுப்பாதையைக் கணிக்க மூன்று நிலைகளேனும் வேண்டும், கிடைத்தவை இரண்டே. அவர் கண்டது பீலாவா, வழியில் குறுக்கிட்ட வேறொன்றா என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. அன்றைய ஈரக் கொலோடியன் தட்டு காய்வதற்குள் மங்கிய வால்மீனின் ஒளியைப் பதிந்திராது. அதனினும் அடிப்படையான தடை வில்லையில் இருந்தது. கண்ணுக்கெனச் செய்த வில்லை மஞ்சள், பச்சை நிறங்களை ஒரே புள்ளியில் குவிக்கும். தட்டோ நீலத்தையும் ஊதாவையும் உண்பது. அவை வேறு தொலைவில் குவியும். கண்ணுக்குக் கூர்மையாய்த் தெரிவது தட்டில் கலங்கி விழும். நியூயார்க்கின் ரூதர்ஃபர்டு 1864இல் தட்டுக்கென்றே ஒரு பெரிய வில்லையைச் செய்வித்தார். அது கண்ணுக்கு உதவாது. 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் மேஜர் டென்னன்ட் வெள்ளி பூசிய ஆடி கொண்ட தொலைநோக்கியால் படமெடுத்தார். ஆடி நிறம் பாராது. எல்லா நிறத்தையும் ஓரிடத்தில் குவிக்கும். அதே கிரகணத்தைப் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நிறமாலைக் கருவியால் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

போக்சன் 1891 ஜூனில் சென்னையில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், ஹைடல்பர்கில் மாக்ஸ் வோல்ஃப் படத்தட்டின்வழி முதன்முதலாக ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இரவிரவாகக் கண் செய்த பணியைத் தட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது.

1899இல் வானாய்வு கோடைக்கானலுக்கு மாறியது. நுங்கம்பாக்கத்தில் பார்வைக்குப் பயன்பட்ட, பாரிசின் லெரெபூர்–செக்ரெத்தான் செய்த ஆறங்குலக் கருவியும் மலையேறியது. கிரப் நிறுவனத்தாரால் திருத்தியமைக்கப்பட்டு அது சூரியனைப் படமெடுக்கும் கருவியாயிற்று. கண்ணுக்கெனப் பிறந்தது தட்டுக்கு எவ்வாறு பணிந்தது? சூரியனிடம் ஒளிக்குப் பஞ்சமில்லை. ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டாலும் போதும். மற்ற நிறங்களின் கலக்கம் குறுக்கிடாது. மங்கிய நெபுலாவிடம் இந்தத் தாராளம் செல்லாது.

நண்பருக்கு இதைத்தான் சொன்னோம். இன்றைய உயர்தர மூவில்லைக் கருவிகள் நிறச்சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டன. விலைதான் கையைக் கடிக்கும். எட்டங்குல ஆடியுள்ள டாப்சோனியன் கண்ணுக்கு விருந்து. ஆனால் அதன் பீடம் மேலும் கீழும், இடமும் வலமும் கையால் நகர்வது. நீண்ட நேரப் படத்துக்கு ஆகாது. நிலவையும் கோள்களையும் நொடிப்பொழுதுப் படங்களாக எடுக்கலாம். நெபுலாவுக்கு வானின் சுழற்சியோடு திரும்பும் பீடம் வேண்டும். அதன் அச்சு துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். சென்னையில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து பதின்மூன்று பாகை உயரமே. சில பீடங்கள் அவ்வளவு தாழவே மறுக்கும். தாழ்ந்தாலும், மயிலாப்பூரில் அந்த இடத்தில் பக்கத்து அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டி இருக்கும். வேறொரு விண்மீன் விலகிச் செல்வதைப் பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தும் பொறுமை வேண்டும்.

நண்பர் டாப்சோனியனையே வாங்கினார். படமெடுக்கும் ஆசையை விட்டுவிடவில்லை; பீடத்துக்கெனத் தனியே பணம் சேர்த்துவருகிறார். சென்ற வாரம் அவர் மாடியில் சனியைக் கண்டோம். வடக்கே அந்தத் தண்ணீர்த் தொட்டியும் தெளிவாகவே தெரிந்தது.