கொள்ளைநோயும் ஆய்வாளரும் இளந்தலைமுறையும்: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோயை இயற்கையின் சீற்றமாக மட்டும் நோக்கும் மரபு நம்மிடையே நீண்டகாலமாக நிலவி வருகின்றது. கிருமி இயற்கையைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், அது எவரை அதிகம் வருத்துகின்றது, இறந்தோர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர், எஞ்சியோர் எந்நிலையிலிருந்து வாழ்வை மீளத் தொடங்குகின்றனர் என்பன சமூகத்தினால் தீர்மானிக்கப்படுவன. கொவிட்-19 பெருந்தொற்றின் பின்னர், இளைஞரின் உளநலத்துக்காக ஆய்வாளரும் மக்களும் இணைந்து செயற்படல் வேண்டும் என்ற கருத்து உலகெங்கும் வலியுறுத்தப்படுகின்றது. அத்தகைய இணைவு எந்நிபந்தனைகளின் அடிப்படையிற் சாத்தியமாகும் என்பதை, நமது நாட்டின் முன்னைய அனுபவங்கள் இரண்டின் துணைகொண்டு, கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய். தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் ஆறுகள் குட்டைகளாக வற்றின. அவற்றில் நுளம்புகள் பெருகின. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். உலகப் பொருளாதார மந்தத்தினால் ஏலவே பட்டினியுற்றிருந்த விவசாயிகளே பெருந்தொகையாக மடிந்தனர். அவ்வேளை சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள், மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோருடன் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். நோயின் வேர் வறுமையில் ஊன்றியிருப்பதை அவர்கள் ஏட்டிலன்றி மக்களின் குடிசைகளிற் கண்டனர். 1935 டிசெம்பரில் இலங்கை சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருட் பலர் அவ்வனுபவத்தினூடாக வந்தவர்களே. இளைஞர் அங்கு பரிகாரம் பெறுவோராக அன்றி, வரலாற்றை இயக்குவோராக விளங்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது அனுபவம் கிழக்கிலங்கைக்கு உரியது. கொள்ளைநோய் சார்ந்ததன்று, போர் சார்ந்தது. 1990களின் முற்பகுதியிற் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் போர்ச் சூழலில் வாழ்ந்த சிறுவர்களின் நிலையை ஆராய்ந்தனர். சிறுவரின் காயத்தை அளந்து அறிக்கை எழுதுவதோடு கடமை முடிந்துவிடுமா என்ற வினா அங்கு எழுந்தது. அதன் தொடர்ச்சியாகவே, அருட்தந்தை போல் சற்குணநாயகம், கனேடியக் கலைஞர் போல் ஹோகன் ஆகியோரின் முயற்சியால் 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது. 1990இன் படுகொலைகளால் ஒருவரையொருவர் அஞ்சிய தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் அங்கு ஒன்றாக மண் பிசைந்தனர், வண்ணந் தீட்டினர், கதை சொல்லினர். ஆய்வு தான் பெற்றதை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்த அரிய நிகழ்வு இதுவெனலாம்.

இனிக் கல்முனைக் கரையோரத்தை நோக்குவோம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு எனத் தமிழ் ஊர்களும் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி அமைந்த நிலம் இது. கரைவலை, கைத்தறி, வேளாண்மை, வளைகுடா நாடுகளில் விற்கப்படும் உழைப்பு என்பனவே வாழ்வாதாரங்கள். 2020இல் 15, 16 வயதினராயிருந்தோர், அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட 2004ஆம் ஆண்டுச் சுனாமியை ஒட்டிப் பிறந்தவர்கள். 2019 ஏப்ரல் 26ஆந் திகதி சாய்ந்தமருதில் ஆயுததாரிகள் பதுங்கியிருந்த வீட்டிற் குண்டுகள் வெடித்துச் சிறுவரும் மாண்டபோது, தாம் செய்யாத குற்றத்துக்காகச் சந்தேகிக்கப்பட்டவர்களும் இவர்களே. மறு ஆண்டிற் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஊரடங்கு நாட்கூலிக் குடும்பத்தின் அடுப்பை அணைத்தது.

இவை யாவற்றிலும் ஆழமான காயம் வேறொன்று. 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தல் கட்டாயம் என விதித்தது. அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. எனினும், நிலத்தடி நீர் மாசுறும் என்ற வாதம் நிபுணர் குழுவின் பெயரால் முன்வைக்கப்பட்டது. இனவாத அரசியல் விஞ்ஞானத்தின் மேலங்கியை அணிந்து வந்தது. ஜனாசாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்கும் உரிமையை இழந்த வீட்டிலே வளர்ந்த இளைஞன், நாளை வினாக்கொத்துடன் வாசலுக்கு வரும் ஆய்வாளனை எவ்வாறு நம்புவான்? அவனது துயரைத் தனிமனித உளக்குறையாக வகுத்து, உளவளத்துணை வழங்கினால் மட்டும் தீர்ந்துவிடும் எனக் கருதுவது, காரணத்தை மறைத்து விளைவுக்கு மருந்திடுவதாகும்.

அதேவேளை, வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகின்றது. அடக்கஞ் செய்தலை அனுமதிக்கலாம் என 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் அறிவித்தது. பெப்ரவரியிற் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணி இக்கரையோரத்தினூடாகச் சென்றபோது, தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே நடந்தனர். கட்டாய எரிப்புக்கு எதிரான குரலும் அதிலே ஒலித்தது. அம்மாத இறுதியில் விதி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. ஆயின், எரிக்கப்பட்டோர் மீளார்.

எனவே, இணைந்த செயற்பாடு என்பது ஆய்வாளர் வகுத்த திட்டத்துக்கு ஊரார் கையொப்பமிடுவதன்று. வினாவை எழுப்புவதிலும் முடிவை வைத்திருப்பதிலும் இளைஞருக்கு உரிமை இருத்தல் வேண்டும்; காயத்தின் அரசியற் காரணம் வெளிப்படையாகப் பேசப்படல் வேண்டும். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கடமைக்கு மிக அண்மையில் உள்ளது. இலக்கிய ஆய்வாளராகிய நாமும் விலக்கல்லோம். இக்கரையோர மக்களின் கவிகளைச் சேகரித்து நூலாக்கினோம். பாடியவர்களுக்கு எதனைத் திருப்பிக் கொடுத்தோம்? அவ்வினாவுக்கு நேர்மையாக விடைகாண முற்படும்போதே, அவ்வீடுகளின் வாசலில் நிற்கும் தகுதி நமக்கு உண்டாகும்.