தொடங்கலாம் எண்டு ஆர் சொன்னது?

சொப்ட்வெயார் குழுக்களில் 'ரெடி' எண்டு ஒரு சொல் அடிக்கடி அடிபடும். ஒரு வேலையைக் கையில் எடுக்கமுன்னம், அது எடுக்கக்கூடிய நிலையில இருக்கா என்று பார்ப்பது. இது ஆருக்காக? முடிஞ்சது எண்டு எப்பிடித் தெரியும்? வேற ஆரையும் நம்பி இருக்கா? இதுக்குப் பதில் இல்லாமல் தொடங்கினால் ஸ்பிரின்ட்டின் நடுவில நிண்டு முழிக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னெண்டா, ஸ்க்ரம் வழிகாட்டி 'முடிந்தது' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருக்க வேண்டும் என்கிறது. 'தொடங்கலாம்' என்பதற்கு அப்படி ஒன்றைக் கட்டாயமாக்கவில்லை. அதைக் குழுவே பேசித் தீர்க்க வேணும்.

திருகோணமலை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த சம்பூர் ஒண்டே போதும்.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் பயந்து மூதூர் கிழக்குச் சனம் ஓடத் தொடங்கியது. செப்டம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. அதே வருடம் டிசம்பரில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் அனல் மின்நிலையத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. 500 மெகாவாற், நிலக்கரி. 2007 மே மாதம் அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் தயார்: ஆழமான குடா, பக்கத்தில துறைமுகம், ஆளில்லாத காணி.

ஆளில்லாத காணி இல்லை அது. ஆக்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாமில இருந்தார்கள்.

பிறகு கடதாசிகள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. 2011இல் கூட்டு நிறுவன ஒப்பந்தம், 2013இல் மின் கொள்வனவு உட்பட மற்ற ஒப்பந்தங்கள். சுற்றாடல் அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வந்தது 2015இல்தான். ஒழுங்கைக் கவனியுங்கோ: முதல் கையெழுத்து, கேள்வி பிறகு. குடாவில் மீன் பிடிக்கிறவன்ர கேள்வி சிம்பிள், சுடுதண்ணியைக் கடலுக்க விட்டா மீன் எங்க போகும்? சாம்பலை எங்க கொட்டுவீங்கள்? (நான் சாம்பல்தீவு. எங்கட ஊருக்குப் பேரில மட்டும்தான் சாம்பல். சம்பூருக்கு நிசச் சாம்பலே வர இருந்தது.)

2015, 2016இல் சனம் கட்டங்கட்டமாக ஊர் திரும்பியது. வெட்டவெளியில் தறப்பாள் கொட்டில் போட்டு, கிணத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் துப்புரவாக்கி, திரும்பவும் முதலில இருந்து. நிலக்கரிக்கு எதிரான வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, 2016 செப்டம்பரில், மின்நிலையம் சம்பூரில் கட்டப்படாது என்று அரசு அங்கேயே அறிவித்தது. முதல் உடன்படிக்கையில் இருந்து கிட்டத்தட்டப் பத்து வருடம். ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை.

'ரெடி' பட்டியல்களை எதிர்க்கிறவர்கள், அது வேலையை மறிக்கிற படலையாக மாறிவிடும் என்று சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கு. எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் தொடங்குவம் எண்டு இருந்தா ஒண்டும் தொடங்காது. ஆனால் சம்பூரில படலைக்குக் குறைவில்லை. உடன்படிக்கை, கம்பனி, ஒப்பந்தம், அறிக்கை எண்டு எத்தனையோ படலை. எல்லாப் படலையிலும் நிண்டது கொழும்பும் டில்லியும். காணிக்காரரைக் கேட்கிற படலை ஒண்டுதான் இருக்கேல்லை. பட்டியல் நீளமா கட்டையா என்பதைவிட, அதில சரி போடுகிற பேனை ஆரின்ர கையில எண்டதுதான் எனக்குப் பெரிசாப் படுது.

2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் திட்டம் தொடங்கியது, 120 மெகாவாற். இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுரவும் கொழும்பில் இருந்தபடியே இணையவழியில் தொடக்கி வைத்தார்கள். நிலக்கரியோட பார்க்க இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் அதே வருடம், அதே மாவட்டத்தில், முத்துநகர் விவசாயிகள் சோலாருக்காகத் தங்கட வயல் பறிபோகுது எண்டு ரோட்டில இறங்கினார்கள்.