வாளிக் கதையும் முக்தி சபையும்

எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தால் ஒரு கதை கட்டாயம் வரும். மராட்டிய நாட்டில் ஒரு பெண்கள் விடுதி. நடு இரவு. ஒரு பெண்ணின் மேல் தீ எரிவதைப் பக்கத்தில் படுத்திருந்த இன்னொருத்தி பார்க்கிறாள். பதறிப்போய் ஓடி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஊற்றப்போகும் நேரத்தில்தான் தெரிகிறது, அது உடம்பைச் சுடாத தீ, பரிசுத்த ஆவியின் அக்கினி என்று. போதகர் கதையை முடித்ததும் "அல்லேலூயா" என்பார். ஆண்கள் பக்கத்தைவிடப் பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் பெரிதாக வரும்.

எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத ஒரு சுயாதீன சபை அது. பெண்கள் நகை போடுவதில்லை, முக்காடு இல்லாமல் ஜெபிப்பதில்லை. இராப்போஜனத்துக்கான அப்பத்தைச் சனிக்கிழமை இரவு மாவு பிசைந்து சுடுவது அம்மா. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிட்டுக் கொடுப்பது ஆண்கள். பெண்கள் சாட்சி சொல்லலாம், பிரசங்கம் செய்யக்கூடாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பதினான்கு வயதில் கேட்டேன். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 14ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண்கள் தீர்க்கதரிசனம் சொல்வதைப் பற்றி இருக்கிறதே என்று திரும்பப் போய்க் கேட்க அப்போது தைரியம் வரவில்லை.

வாளிக் கதை நடந்த இடத்தின் பெயர் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. புனேவுக்குக் கிழக்கே கேட்காவ். வருடம் 1905, ஜூன் மாதக் கடைசி. விடுதியின் பெயர் முக்தி. அதை நடத்தியவர் பண்டித ரமாபாய். கல்வி, குழந்தை மணம், விதவைகள் நிலை என்று பெண்ணிய வரலாறு படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த அதே ரமாபாய். எங்கள் போதகருக்குத் தீ மட்டும் போதுமாக இருந்தது. பெண்ணிய வரலாறு எழுதியவர்களில் பலருக்குத் தீ தேவைப்படவில்லை. அவர்கள் 1889இல் பம்பாயில் சாரதா சதன் தொடங்கிய ரமாபாயோடு நின்றுகொண்டார்கள். கேட்காவில் கண்ணை மூடி உரக்க ஜெபித்த ரமாபாயை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சபை எதை நம்பியது, எப்படி ஆராதித்தது என்பதைப் பார்த்தால் இரண்டு ரமாபாயும் ஒருவரே என்பது என் எண்ணம்.

ரமாபாய் 1858இல் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகச் சொந்தச் சமூகத்தோடு மோதியவர். பிறகு குடும்பமே தீர்த்தம் தீர்த்தமாக நடந்து, கோயில் முற்றங்களில் புராணம் படித்துப் பிழைத்தது. கையிலிருந்த பணமெல்லாம் விரதத்துக்கும் தானத்துக்கும் புரோகிதர்களுக்கும் போயிற்று. 1874 வாக்கில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது அவர்கள் நம் பக்கத்தில்தான் அலைந்துகொண்டிருந்தார்கள். தந்தையும் தாயும் அக்காளும் சில மாத இடைவெளிக்குள் பசியில் போனார்கள். வேறு வேலை செய்ய அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ரமாபாயும் அண்ணனும் மட்டும் மிஞ்சி, நடந்தே வடக்கே போய் 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் அவருக்குச் 'சரஸ்வதி' பட்டம் கொடுத்தார்கள். சாஸ்திரங்களைத் தொடர்ந்து படித்தபோது ஒன்று அவருக்குப் புலப்பட்டது: தங்களுக்குள் எவ்வளவோ முரண்படும் அந்த நூல்கள் எல்லாம் பெண் இழிந்தவள் என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன. பிற்காலத்தில் எழுதிய சாட்சியில் இதைக் கோபமே இல்லாத குரலில், கணக்குப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

பிறகு நடந்தவை வேகமானவை. 1880இல் சாதி மீறிய பதிவுத் திருமணம், 1881இல் மகள் மனோரமா, 1882இல் கணவர் மரணம், 1883இல் இங்கிலாந்து. அங்கே வான்டேஜ் ஊரில் ஆங்கிலிகன் கன்னியர் மடத்தில் தங்கினார். 'கெட்டுப்போனவர்கள்' என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அந்தக் கன்னியர்கள் பராமரிப்பதைப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய கதையை வாசித்துக் காட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 29இல் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

மதம் மாறியதோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் அடுத்த மூன்று ஆண்டுக் கடிதங்களைப் படிக்க வேண்டும். அவருக்கு ஞானத்தாயாக இருந்த சிஸ்டர் ஜெரால்டினுக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. திரித்துவம் எனக்குப் புரியவில்லை, புரியாததை அறிக்கையிட மாட்டேன் என்கிறார். அணியவேண்டிய சிலுவையில் லத்தீன் எழுத்தா? எனக்கு லத்தீன் தெரியாது, சமஸ்கிருதத்தில் எழுதுங்கள் என்கிறார். முட்டை சேர்த்த புட்டிங்கைத் தொட மறுக்கிறார். அதைச் சாதித் திமிர் என்று ஜெரால்டின் கண்டிக்கிறார். செல்டன்ஹாம் கல்லூரியில் அவர் ஆண் மாணவர்களுக்குப் பாடம் சொல்லலாமா என்ற பேச்சு வந்தபோது, இந்தியாவிலிருந்த ஆயர்கள் கூடாது என்று எழுதினார்கள். என் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்க இவர்கள் யார் என்பதே அவர் பதிலின் சாரம். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தை இப்போதுதான் கழற்றினேன், இன்னொன்றை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதியதை முதன்முதலாக வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தான் ஏதோ ஒரு பிரிவில் சேரவில்லை, கிறிஸ்துவின் சபையில் சேர்ந்தேன் என்பதுதான் அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த நிலை. முக்தி சபை எந்தப் பிரிவுக்கும் கட்டுப்படாமல் இருந்ததன் வேர் இந்தக் கடிதங்களில் இருக்கிறது.

கேட்காவ் நிலம் பழத்தோட்டத்துக்கென வாங்கியது. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய் ஏறக்குறைய முந்நூறு பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். சொந்தப் பசி நினைவுக்கு வந்ததால் போனேன் என்கிறார். 1900 குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு முக்தியில் இரண்டாயிரம் பேர்வரை இருந்தார்கள். சாரதா சதனில் மேல்சாதி விதவைகளின் ஆசாரத்துக்கு இடம் விட்டிருந்த ரமாபாய், இங்கே எல்லாச் சாதிப் பெண்களையும் ஒரே வளாகத்தில் வைத்தார்.

முக்தியின் முதல் நம்பிக்கை பணத்தைப் பற்றியது. பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கத்தின் பத்தாண்டு உதவி 1898இல் முடிந்தது. அதன் பிறகு நிரந்தர வருமானம் தரும் எந்த மிஷனோடும் சேராமல், தேவைக்கு ஜெபிப்பது என்று முடிவு செய்தார். பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் போன்றவர்களின் வரலாறுகளைப் படித்து வந்த முடிவு இது. விசுவாச ஊழியம் என்று இன்று நம் ஊர்ச் சுயாதீன சபைகள் சொல்வதும் இதைத்தான். ஆனால் முக்தியில் ஜெபத்தோடு கிணறு வெட்டினார்கள், விவசாயம் செய்தார்கள், நெய்தார்கள், மாடு வளர்த்தார்கள், அச்சகம் நடத்தினார்கள். பணம் கொடுப்பவனிடம் கொள்கை கேட்டு நிற்கவேண்டியதில்லை என்பதும் அந்த விசுவாசத்துக்குள் இருந்தது. இதைச் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் ரமாபாய்க்குப் பிடித்திருக்காது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

இரண்டாவது, மறுபிறப்பு. தன் ஞானஸ்நானத்தையே அவர் பிற்பாடு போதாததாகக் கண்டார். கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்பது 1891 வாக்கில் அவருக்கு வந்த தெளிவு. அதனால் முக்தியில் சடங்கைவிட உள்ளே நடக்கும் மாற்றத்துக்கே மதிப்பு. ஆராதனைக்குத் தரையில் உட்கார்ந்தார்கள். பீமா நதியில் ஞானஸ்நானம் நடந்தது.

மூன்றாவது, ஆவியின் அபிஷேகம். ஆஸ்திரேலிய எழுப்புதலில் ஜெபக்குழுக்கள் எப்படி இயங்கின என்று பார்த்துவர 1903இல் மனோரமாவையும் மின்னி ஆப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஊழியரையும் அனுப்பினார். 1905 ஜனவரியில் எழுபது பேரோடு தினசரி ஜெபம் தொடங்கியது. ஜூனில் ஐந்நூறைத் தாண்டியது. வாளிக் கதை ஜூன் 29 இரவு. மறுநாள் மாலை ரமாபாய் யோவான் 8ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டம் முழுவதும் அழுது, பாவத்தை அறிக்கையிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்கத் தொடங்கியது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். விபச்சாரத்தில் பிடிபட்டதாக ஆண்கள் இழுத்துவந்த பெண்ணோடு தொடங்கும் அதிகாரம் அது. பஞ்சத்திலும் தெருவிலும் விற்கப்பட்டும் தப்பியும் வந்தவர்கள் நிறைந்த கூடத்தில் அது வாசிக்கப்பட்டது. எங்கள் போதகர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை.

பிறகு அந்நியபாஷையும் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் அசூசா தெருக் கூட்டங்கள் 1906 ஏப்ரலில்தான் தொடங்கின. பெந்தெகொஸ்தே இயக்கம் அமெரிக்காவிலிருந்து கிளம்பி உலகெங்கும் போனது என்ற வழக்கமான வரலாற்றை முக்தி குலைத்துவிடுகிறது. ஆப்ரம்ஸ் 1906இல் எழுதிய சிறுநூல் சிலியிலிருந்த அவருடைய பழைய பள்ளித்தோழி மே ஹூவரின் கைக்குப் போய், 1909இல் அங்கே மெதடிஸ்டுகளிடையே எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு ஒரு பொறியானது. ஒரு தோழி இன்னொரு தோழிக்கு அனுப்பிய தபால். இதைவிட எளிமையாகச் சபை வரலாறு நகர்ந்ததாக நான் படித்ததில்லை.

அந்நியபாஷை பேசினால்தான் அபிஷேகம் என்று ரமாபாய் சட்டம் போடவில்லை. அவர் தானே பேசியதாகவும் சொல்லவில்லை. மேலைநாட்டு ஊழியர்கள் சிலர் இந்தக் கத்தலையும் கதறலையும் ஒழுங்கின்மை என்று முகம் சுளித்தபோது, இந்தியப் பெண்கள் அவர்களுக்கு இயல்பான முறையில் ஆராதிக்கட்டும், அடக்க நாம் யார் என்று வாதாடினார். ஆவி வந்தவர்கள் வளாகத்துக்குள் இருந்துவிடவும் இல்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் குழுக்களாகப் பிரிந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போய்ப் பேசினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு எழுத்தே தெரியாதிருந்தவர்கள், சந்தையில் நின்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிரசங்கித்தார்கள். யாரும் அவர்களுக்குக் கைவைத்துப் பட்டம் கொடுக்கவில்லை. ஆவி வந்திருக்கிறது என்பதே உத்தரவாக இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு நெருடுவதையும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்க முக்திக்கும் ஆண் போதகர்களே வந்தார்கள். அதைவிடப் பெரியது, சோறும் வேதமும் ஒரே கையிலிருந்து வந்ததுதான். பசியில் வந்த எட்டு வயதுச் சிறுமிக்கு மறுபிறப்பைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்? 1893இல் சாரதா சதனில் மதமாற்றம் நடக்கிறது என்று புனேவில் கிளம்பிய எதிர்ப்பில், விதவைகளின் கஷ்டத்தைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாத ஆண்களின் குரல்தான் அதிகம். கேசரியில் திலகர் எழுதியவையும் அதில் சேரும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜோதிராவ் புலே ரமாபாய் பக்கம் நின்று எழுதியதை இங்கே நினைக்கவேண்டும். ஆனாலும் கேள்வி எதிரியின் வாயிலிருந்து வந்ததாலேயே பொய்யாகிவிடாது. ரமாபாய்க்குத் தனக்குப் புரியாத கொள்கையை மறுக்க இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. முக்தியில் ஒரு சிறுமி அதே பிடிவாதத்தோடு எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. உமா சக்ரவர்த்தியும் மீரா கோசாம்பியும் ரமாபாயைப் பற்றி எழுதியவற்றை இந்தக் கேள்வியோடு படிப்பது நல்லது. அவர்கள் அவரைப் புனிதராக்கவில்லை.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் உட்கார்ந்து செய்தது மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பு. எபிரெயமும் கிரேக்கமும் அதற்காகவே படித்தார். புழக்கத்திலிருந்த மராத்தி வேதாகமம் சமஸ்கிருதம் மிகுந்து, படித்தவர்களுக்கு மட்டும் எட்டுவதாக இருந்தது. முக்தியின் கிராமத்துப் பெண்கள் தாங்களாக வாசித்துப் புரிந்துகொள்ளும் மொழி வேண்டும் என்பது அவர் நோக்கம். இந்து வழிபாட்டு வாசனை வீசும் சொற்களையும் களைந்தார். அந்தக் களையெடுப்பில் ஒரு கடுமை இருக்கிறது, சமஸ்கிருதத்தில் சிலுவை எழுத்துக் கேட்ட இளம்பெண்ணிடம் இல்லாத கடுமை. எழுத்துக் கோத்தது, அச்சடித்தது எல்லாம் முக்திப் பெண்களே. மனோரமா 1921இல் இறந்தார். மகளுக்குப் பிறகு இவர் ஒரு வருடம்கூட இருக்கவில்லை; 1922 ஏப்ரல் 5இல் போனபோது மொழிபெயர்ப்பு வேலை முடிந்திருந்தது.

போன வருடம் ஊருக்குப் போனபோது எழுப்புதல் கூட்டத்தில் வாளிக் கதை திரும்ப வந்தது. போதகர் புதியவர், இளைஞர், நன்றாகச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் யோவான் 8, கிராமக் குழுக்கள், அச்சகம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நடந்துகொண்டே கேட்டுக்கொண்டு வந்தாள். "அப்போ அங்க பொம்பளைதான் பிரசங்கம் பண்ணிருக்கா" என்றாள். ஆமாம் என்றேன். அது சனிக்கிழமை. வீட்டுக்குள் நுழைந்ததும் முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் அப்பத்துக்கு மாவு எடுக்கப் போனாள்.