கோச்சைத் திட்டக் கற்றுக்கொண்ட கதை

என் அப்பாவுக்கு ஒரு கோச்சின் பெயர்கூடத் தெரியாது. முத்தாபுதுப்பேட்டை விமானப்படை டிப்போவில் சிவிலியன் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஃபுட்பால் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் உண்டு என்றால் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மிதிப்பார். தோற்ற அணியைப் பற்றி அவர் சொல்வது இரண்டே வகைதான். ஒன்று, "பேக்கு தூங்கிட்டான்". இல்லையென்றால், "கோலி கைய வுட்டுட்டான்". கோட்டுக்கு வெளியே கழுத்தில் விசிலோடு விறைப்பாக நின்ற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஒருநாள் நானே கேட்டேன், அவர் யாரென்று. "அவரா? அவர்தான் பந்துக்குக் காத்து அடிக்கறவர்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

அதில் அப்பாவின் தப்பு ஒன்றுமில்லை. மெட்ராஸில் அன்றைய ஃபுட்பால் முழுக்க ஆபீஸ் ஃபுட்பால். 1934-இல் மெட்ராஸ் ஃபுட்பால் சங்கம் உருவான பிறகு பல பத்தாண்டுகள் லீக்கில் பெயர் சொல்லும்படி ஆடியவை பெரும்பாலும் துறை அணிகள். சதர்ன் ரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ் என்று போகும் பட்டியல். ஆடுகிறவனுக்கு வேலை நிரந்தரம். காலையில் ஆபீஸில் கையெழுத்து போட்டுவிட்டு மத்தியானம் பயிற்சிக்குப் போவான். கோச்சும் அதே ஆபீஸில் பழைய ஆட்டக்காரராக இருந்து முட்டி தேய்ந்தவர். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒன்றாம் தேதி இருவருக்கும் சம்பளம் வந்துவிடும். யாரை யார் மாற்றுவது? மாற்ற முடியாத ஆளைப் பற்றி விவாதம் எதற்கு? நம் ஊர் ஜனங்கள் வீண்பேச்சுக்குப் பேர் போனவர்கள்தான், ஆனாலும் அதற்கும் ஒரு பிரயோசனம் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் 1955 டியூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம் ஒரு தீராத தர்மசங்கடம். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அந்தக் கோப்பையை வென்றது, அதுவும் விமானப்படை அணியை 3-2 என்று தோற்கடித்து. தமிழனாகச் சந்தோஷப்படுவதா, விமானப்படைச் சம்பளம் வாங்குகிறவனாக வருத்தப்படுவதா என்று அப்பாவுக்குக் கடைசிவரை முடிவாகவில்லை. ரெஜிமெண்ட் கோலி பீட்டர் தங்கராஜின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டுவார். 1958-இல் அதே அணி மறுபடி கோப்பை வென்றதைச் சொல்வார். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்று மட்டும் சொன்னதே இல்லை.

வங்காளத்தில் கதை வேறு. அங்கே கோச்சுக்காக வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கும். 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானின் அமல் தத்தா 'டைமண்ட்' வியூகம் என்று ஒன்றைக் கொண்டுவந்து ஊரையே பேசவைத்திருந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. பானர்ஜி. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் போய் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் ஆட்டக்காரர்களைப் பார்க்கவும் மீதிப் பேர் இந்த இரண்டு கிழவர்களில் யாருக்கு மூளை அதிகம் என்று பார்க்கவும் போனதாகத்தான் நான் நினைக்கிறேன். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4-1. டைமண்ட் உடைந்தது. அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு இதெல்லாம் பேப்பரில் படிக்கிற வேற்றூர்ச் செய்தி.

2014-இல் அந்த வியாதி நமக்கும் வந்தது. ஐ.எஸ்.எல். தொடங்கி, சென்னையின் எஃப்.சி. என்று ஒரு அணி பிறந்தது. கோச்சாக வந்தவர் மார்க்கோ மாத்தராஸி. 2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் முட்டினாரே, முட்டு வாங்கிய அந்த ஆள். அதே ஆட்டத்தில் இத்தாலிக்கு கோல் போட்டவரும் அவர்தான், ஆனால் அது யாருக்கு நினைவிருக்கிறது! ஆட்டக்காரர்களில் பாதிப் பேரின் பெயர் வாயில் நுழையவில்லை. கோச்சை மட்டும் டீக்கடை மாஸ்டருக்கும் தெரிந்திருந்தது. மெட்ராஸ் ஃபுட்பாலில், ஆடுகிறவனைவிட ஆட்டுவிக்கிறவன் பிரபலமானது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. தோற்றால் யாரைப் பிடிப்பது என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

முதல் வருஷம் லீக்கில் முதலிடம், அரையிறுதியில் கேரளாவிடம் தோல்வி. இரண்டாம் வருஷம்தான் எங்களைக் கெடுத்தது. 2015 நவம்பர் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. ஷாப்பில் பத்து மணி டீக்கு மெஷின்களை நிறுத்தினால் இதே பேச்சு. எங்களோடு மில்லிங்கில் ஒருவர் இருந்தார், ஆவடிக்காரர். "உலகக்கோப்பை ஜெயிச்சவன்னா கோச்சுனு அர்த்தமாபா? கத்தி புடிச்சவன்லாம் டாக்டரா? தூக்கணும் இவன" என்பார். நான் எதிர்க்கட்சி. ஜாப் சைஸ் வரவில்லை என்றால் முதலில் டூலைப் பார்க்கணும், அப்புறம் சக்கைப் பார்க்கணும், டயல் வைத்து ஓட்டிப் பார்க்கணும். எடுத்த எடுப்பில் ஆப்பரேட்டரை வீட்டுக்கு அனுப்புகிறவன் சூப்பர்வைசரே இல்லை. இருபத்தைந்து வருஷமாக நான் பார்த்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தத்துவம் அதுதான்.

கடைசி லீக் ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து அணி மூன்றாம் இடத்துக்கு ஏறியது. டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் வந்தது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள், அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து, பாய், தலையணை எல்லாம் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வாரம் அது. டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். எங்கள் டிவி நனைந்து போயிருந்ததால் ஷாப் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஆவடியில் மில்லிங்காரர் வீட்டிலேயே கூடினோம். 87-ஆம் நிமிடம் கோவா இரண்டாவது கோல் போட்டது, 2-1. வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டிலிருந்தே வெளியே போய்விட்டார். 90-ஆம் நிமிடம் கோவா கோலி கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை நமக்கு. தெருமுனைக் கடையில் நின்றிருந்தவரைத் தேடிப்போய்ச் சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்கிறோம் என்று நம்ப மறுத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் 'எண்பத்தேழு'. இன்று அவர் பேரனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அடியில் கிடந்த அணி கோப்பை தூக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டோமா, அதற்கப்புறம் எந்த கோச்சைப் பற்றியும் எங்களால் நிதானமாகப் பேச முடியவில்லை. "மாத்து" என்று எவன் சொன்னாலும் "2015" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவோம். 2016-இல் ஏழாம் இடம் வந்தபோதுகூட மாத்தராஸியை யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை. அடுத்த மார்ச்சில் அவரே போனார்.

பின்னால் வந்தவர் ஜான் கிரெகரி. இங்கிலாந்துக்காரர், ஒருகாலத்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு மேனேஜர். வந்த முதல் பருவத்திலேயே, 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரை பெங்களூரிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கோல், இரண்டும் கார்னரிலிருந்து தலையால். அடுத்த பருவம் அதே கிரெகரி, பெரும்பாலும் அதே ஆட்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாம் இடம்.

அந்தப் பருவத்து இரவுகளை நான் மறக்கமாட்டேன். நேரு ஸ்டேடியத்திலிருந்து கூட்டத்தோடு நடந்து மூர் மார்க்கெட் பிளாட்பாரத்துக்கு வருவோம். வண்டி காத்திருக்கும். நீலச் சட்டை போட்டவர்கள் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ந்துகொள்வோம், யாரும் சொல்லிவைத்து இல்லை. ஒருவன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பான். பேசின் பிரிட்ஜ் வரை யாரும் பேசமாட்டார்கள். அதற்குப் பிறகு ஆரம்பிக்கும்.

முதல் முறை வியாசர்பாடிப் பையன்களுக்கு. ஜீவா ஸ்டேஷனில் இறங்கவேண்டும் என்பதால் அவசரம் அவசரமாகப் பேசுவார்கள். அவர்கள் கட்சி எப்போதும் ஒன்றுதான், தனபால் கணேஷ். அவர்கள் ஏரியாவில் பந்து உதைத்து வளர்ந்து நடுக்களத்துக்கு வந்தவர், அந்தப் பருவம் முட்டிக் காயத்தால் ஆடவில்லை. "கணேஷ் அண்ணன் கால் நல்லா இருந்தா இந்த நெலம வருமாணா? கோச்ச சொல்லி இன்னா பண்றது?" என்பான் ஒருவன். இன்னொருவன் உடனே திரும்புவான். "ஒருத்தன் இல்லன்னா டீமே இல்லன்னா, அப்ப கோச்சு எதுக்குடா? வேற நம்ம பசங்கள எறக்க வேண்டியதுதான?" கதவில் தொங்கிக்கொண்டே சண்டை போட்டு, அப்படியே குதித்து இறங்குவார்கள்.

பெரம்பூர் தாண்டினால் வில்லிவாக்கத்துப் பெரியவருக்கு நேரம். ஐ.சி.எஃப்-இல் ரிட்டயர் ஆனவர், என் அப்பா ரகம். "கோச்சு இன்னா சார் பண்ணுவான், உள்ள போயி ஒதைப்பானா?" என்பார். அவர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அவர் இறங்கியதும் எண்பத்தேழு ஆரம்பிப்பார். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் மூன்று ஸ்டேஷனும் அவருக்கே சொந்தம். போன வருஷம் கார்னரில் நாம் அடித்தோம், இந்த வருஷம் கார்னரில் நாம் வாங்குகிறோம், ஆறு மாசத்தில் ஒரு ஆளுக்கு அது எப்படி மறந்துபோகும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நான் என் டூல், சக்கு, டயல் தத்துவத்தை எடுப்பேன். "எத்தினி நாளுபா டயலு வெச்சிப் பாப்ப? ஜாப்பு பூரா ஸ்க்ராப்பு" என்பார். ஒருமுறை திருமுல்லைவாயலில் சீட்டைவிட்டே எழுந்துபோய் வேறு பெட்டியில் உட்கார்ந்தார். ஆவடியில் இறங்கி ஒரே ஷேர் ஆட்டோவில்தான் ஏறவேண்டியிருந்தது.

வயிற்றெரிச்சலைக் கூட்ட அதே நேரத்தில் இன்னொன்று நடந்தது. 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கோப்பையை வென்றது. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். வேர் 1946-இல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப், கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஒரே பருவத்தில் ஒரு சென்னை முதலிடம், இன்னொரு சென்னை கடைசி இடம். எண்பத்தேழு ஒரு வாரம் வேறு எதுவுமே பேசவில்லை. "கோச்சு, கோச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு மெஷினைத் துடைத்தார்.

நிர்வாகம் கிரெகரியை அனுப்பவில்லை. மனசுக்குள் 2015 ஓடியிருக்கவேண்டும். அடுத்த பருவம் முதல் நான்கு ஆட்டத்தில் நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டம் முடிந்து, 2019 நவம்பர் 30 அன்று, அவர் விலகிக்கொண்டார். ஓவன் கோயல் வந்தார். ஆட்கள் அதே ஆட்கள். வால்ஸ்கிஸ் வரிசையாக அடித்துப் பருவத்தில் 15 கோல் சேர்த்தார். பட்டியலில் கீழே கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறி, கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டி இறுதிக்கே போய்விட்டது. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில், கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். ஆனால் என் கட்சி அதற்கு முன்பே தோற்றுப்போயிருந்தது. 2015-ஐ நான் காட்டினால் எண்பத்தேழு 2020-ஐக் காட்டுவார். இரண்டும் ஒரே அணி செய்த காரியம்.

அதற்குப் பிறகு வந்த மூன்று பருவத்தைச் சொல்ல ஒரு வரி போதும். எட்டாம் இடம், எட்டாம் இடம், எட்டாம் இடம். லாஸ்லோ, பாண்டோவிச், பிர்தாரிச் என்று வருஷத்துக்கு ஒருவர். லாஸ்லோ காலத்தில் இருபது ஆட்டத்தில் பதினொன்று டிரா, ஜெயிக்கவும் மாட்டோம், தோற்கவும் மாட்டோம் என்று சபதம் எடுத்த மாதிரி. முதல் இரண்டு பருவமும் கோவாவுக்குள்ளேயே பூட்டிவைத்து நடத்தினார்கள், ரயில் பெட்டிச் சண்டைக்கும் வழியில்லை. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 வாங்கியபின் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டு மீதி ஆட்டங்களுக்கு சையது சபீர் பாஷாவை நிறுத்தினார்கள். இந்தியன் வங்கிக்கு ஆடி, அதே வங்கி அணிக்கே கோச்சாக இருந்தவர். பழைய ஆபீஸ் கோச் ஒருவர் ஐ.எஸ்.எல். கோட்டருகே நிற்பதைப் பார்க்க அப்பா இருந்திருக்கலாம். பாஷாவை நாங்கள் யாரும் திட்டவில்லை. தற்காலிகம் என்பதாலா, நம்மவர் என்பதாலா, எண்பத்தேழுவே வாயைத் திறக்கவில்லை. பின்னால் கோயல் திரும்பி வந்தார். முதல் வருஷம் ஆறாம் இடம், மறுவருஷம் 13 அணிகளில் 11. பெட்டியில் மறுபடி இரண்டு கட்சி.

கிரெகரி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அவர் விலகுவதற்கு ஐந்து நாள் முன்னால், நவம்பர் 25, ஒரு திங்கட்கிழமை, ஹைதராபாத்தோடு இங்கே ஆட்டம். மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட். தொண்ணூறு நிமிடம் ஆகியும் 0-0. ஐந்தாவது ஆட்டத்திலும் கோல் இல்லை. பொறுமையின் கட்சித் தலைவனான நான் எழுந்தேன். "இன்னாபா, டயலு வெச்சிப் பாக்கலியா?" என்று எண்பத்தேழு கேட்டார். வண்டிக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வெளிவாசலைத் தாண்டும்போது உள்ளே ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒரு அமைதி. அப்புறம் இன்னும் பெரிய சத்தம். சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மூன்று கோல் விழுந்திருக்கிறது. நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று, கடைசியாக வால்ஸ்கிஸ். கிரெகரிக்குச் சென்னையில் கிடைத்த கடைசி வெற்றி அது. நான் அப்போது ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் நின்று, திரும்பி ஓடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஷாப்பில் என் லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் சாக்பீஸால் யாரோ பெரிதாக எழுதியிருந்தார்கள்: 90.