திண்ணைப்பள்ளியும் எழும்பூர்ப் பள்ளியும்

பவணந்தி முனிவர் தம் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம் முதலாக நெய்யரி ஈறாகத் தரம் பிரித்தனர். அம்மட்டில் நில்லாது ஆசிரியரையும் பிரித்து, ஆகாதாருள் ஒருவகையாருக்கு, ஏறி அணுகவொட்டாமல் பழம் தானே விழுந்தாலன்றிப் பயன்படாத மடற்பனையை உவமை கூறினர். நம்மவர் முன்னதைப் பிள்ளைகளுக்கு ஓயாது எடுத்துரைப்பர். பின்னதை வசதியாக மறந்துவிடுவர். படிப்பு ஏறாத பிள்ளையிடத்து ஆசிரியர் எங்ஙனம் நடந்துகொண்டனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் கலெக்டர்களிடம் பள்ளிக்கணக்குக் கேட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரியவந்தது. தமிழ் ஜில்லாக்களில் அம்மாணாக்கருள் பிராமணரல்லாத பிள்ளைகளே மிகுதி என்பது நம்மவர் அறியத்தக்கது.

பல்லாரிக் கலெக்டர் காம்பெல் துரை 1823-இல் எழுதிய அறிக்கை வெறுங்கணக்கன்று. பள்ளிக்குள் நம்மை அழைத்துச் செல்வது. விடியலில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவர். இரண்டாமவன் கையில் ஒரு சுழி, புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, இவ்வாறே பிந்துந்தோறும் அடி ஏறும். சோம்பியிருப்பவனைப் பிரம்பால் அடித்தலும், கைகளைப் பிணித்துக் கூரையினின்று தொங்கவிடுதலும், மண்டியிட்டு மண்டியிட்டு எழச் செய்தலும் உண்டு. சோம்பல் வேறு, இயலாமை வேறு என்று பகுத்தறிய அப்பிரம்புக்குக் கண்ணில்லை.

எனினும் அப்பள்ளியை முற்றும் பழித்தல் தகாது. முன்னேறிய பிள்ளை பிந்திய பிள்ளைக்குக் கற்பிப்பதும், அதனால் தன் கல்வியும் உறுதிப்படுவதும் வியக்கத்தக்கன என்று அத்துரையே எழுதியுள்ளார். பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் சுவடியைத் தன் தன் வேகத்தில் படித்தமையால், மெல்லக் கற்போன் அடிபட்டானேயன்றி, வகுப்பு ஓடிவிடத் தான் தனித்து நின்றானல்லன். இந்நாளைய வகுப்பறையிலோ அடி நீங்கிற்று. தனித்து நிற்றல் வந்தது.

இம்முறையை முன்னரே கண்டு கைக்கொண்டவர் ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். 1789-இல் எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட பள்ளியின் தலைமை இவருக்கு வந்தது. ஒருநாள் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்டு, தம் பள்ளியிலும் அவ்வாறு செய்யுமாறு ஏவினார். உபாத்தியாயர் அது ஆகாத காரியம் என்றனர். பெல் துரை அவர்களை விடுத்து, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வேலையை ஒப்பித்தார். பெரியோர் ஆகாதென்றதைச் சிறுவன் செய்து முடித்தான்!

அவர் 1797-இல் வெளியிட்ட நூலில் ஓர் ஏற்பாடு நம் கருத்துக்குரியது. இருபத்துநால்வர் உள்ள வகுப்பில் சிறந்த பன்னிருவர் ஒவ்வொருவரும் பிந்திய பன்னிருவருள் ஒருவனைத் தம் பொறுப்பாக ஏற்கவேண்டும். பிந்தியவன் தேறாவிடின் முந்தியவனுக்கும் குறை. குற்றங்களை ஒரு புத்தகத்திற் குறித்து, மாணாக்கரே கூடி விசாரிக்கச் செய்தமையால் பிரம்புக்கு வேலை குறைந்தது. நம்மவருள் மாணவர் விடுதி நடத்தும் அன்பர்கள், கணக்கில் வல்லவனையும் அதில் தடுமாறுபவனையும் ஓரறையில் வைத்து ஓராண்டு பார்ப்பார்களாக, செலவு ஒன்றுமில்லை.

இதே முறையை இலண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்தர் பிரம்பை வெறுத்தவர். ஆயின் நாணச் செய்தலை வெறுத்தாரல்லர். தவறிய சிறுவன் கழுத்தில் கட்டையை மாட்டினார்; கூடையிலிட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு மற்றையோரை நகைக்கச் செய்தார். பல்லாரியில் கயிறு, இலண்டனில் கூடை. தொங்கிய பிள்ளைக்கு வேற்றுமை யாது? தழும்பு ஆறும், நகைப்பு ஆறாது. ஆதலின் யாம் லங்காஸ்தரின் முறையையே கொடிதென்போம்.

பின்னர் இங்கிலாந்தில் இம்முறை பரவியபோது, ஓராசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை மலிவாகப் பயிற்றலாம் என்பதே பெரிதாயிற்று. இருவர் இருவராகப் பிணைத்த அன்பு பின்தங்கிற்று. 1846-இல் அரசினர் வேறு பயிற்சிமுறை வகுக்கவே இது தேய்ந்தது. 1832-இல் காலமான பெல் துரையின் பொருளைக்கொண்டு ஸ்காத்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். நம் நகரம் 1996-இல் அப்பெயரை விடுத்துச் சென்னையாயிற்று. அப்பள்ளி இன்றும் அதனை விடவில்லை.